கடல்மண்ணில் மைதா

மதினி,

இன்று காலை ஆய்வகச் சுற்றுச்சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே போக மனமில்லை. இப்போதெல்லாம் எல்லாமே சீக்கிரம் அலுத்துப்போகிறது.

விஸ்வநத்தம் வீட்டில் நீங்கள் பட்டாசுக்குக் குழாய் உருட்டும்போது இதே வாடைதான் இருக்கும். ஆராய்ச்சி மாணவனாக நான் தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, கடலடி மண்ணோடு நேரே அங்கே வந்தேன். தீபாவளி சீசன். அந்த மண்ணுக்குள் காலங்காலமாகக் கெடாமல் கிடக்கும் சர்க்கரையைப் பிரித்து அளப்பதுதான் என் வேலை என்றேன். "கடலுக்கடியில சீனியா? எறும்பு வராதுங்கிற தைரியமாக்கும்!" என்று சிரித்தீர்கள்.

பஸ் நெரிசலில் மண் பொட்டலங்கள் பிரிந்திருந்தன. நான் அசந்து தூங்கி எழுவதற்குள், ஆர்டர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் காகிதக் குழாயில் அடைத்து இரு முனையிலும் பசை வைத்து ஒட்டியிருந்தீர்கள். "இனி பூச்சிகூட அரிக்காது. கவலப்படாமக் கொண்டுபோங்க தம்பி."

அந்த மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கருவியில் ஏற்றினால் குளுக்கோஸ் எகிறியது. மைதாவும் காகிதமும் உடைந்தாலும் குளுக்கோஸ்தானே வரும். எது கடலுடையது, எது உங்களுடையது என்று பிரிக்க வழியில்லை. "கடலா இது, கல்யாண வீடா?" என்றார் என் வழிகாட்டி. பட்டமே கைநழுவிவிடும் போலிருந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, வேறு மண் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து முடிப்பதற்குள் ஓய்ந்துபோனேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

பட்டம் வாங்கி வந்தபோது நீங்கள் காமாலையில் படுத்த படுக்கை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நான் ஒட்டிக் குடுத்த மண்ணுதான் எங்க கொளுந்தனார டாக்டராக்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் பக்கம் திரும்பி, "அப்படித்தான தம்பி?" என்றீர்கள்.

"ஆமா மதினி. நீங்க இல்லாட்டி ஏது?"

அந்த வாரமே போய்விட்டீர்கள். அண்ணன் அழுததைவிட நான் அதிகம் அழுதேன்.

ஒரு குழாயை மட்டும் நான் பிரிக்கவே இல்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "கெட்டுப்போன சாம்பிள்தானே சார், தூக்கிப் போட்டுரலாமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இருக்கட்டும் என்பேன். இன்று உள்ளே வந்ததும் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

இன்னும் பூச்சி அரிக்கவில்லை, மதினி.