மீசை வீட்டு அழைப்புகள்

மார்ச் 3, செவ்வாய்
கேட்டில் இருந்த காவலாளியை அனுப்பிவிட்டு ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதில் வீட்டு எண்ணை அமுக்கினால் அந்த வீட்டுக்காரர் போன் அடிக்கும். யாரென்று கேட்டுவிட்டு ஒன்பதை அமுக்கினால் கேட் திறக்கும். எல்லாம் குடியிருப்புச் செயலாளர் மீசையின் ஏற்பாடு.

நம் வீட்டுக்கு மருமகளின் நம்பரைப் போட்டிருக்கிறான். அவள் ஆபீஸில் போனை எடுத்தால்தானே! இன்று சீட்டு விளையாட வந்த டீச்சரம்மா, மொட்டை வெயிலில் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, முட்டிவலியோடு திரும்பிப் போயிருக்கிறாள். பாவி, அவளிடம் செல்போனும் கிடையாது. அவளுக்கு இருக்கிற ஒரே போக்கிடம் என் வீடு.

“கீழ போய்க் காத்திருங்க அத்தை” என்கிறாள் மருமகள். நாலு மாடி. லிப்ட் நினைத்தால்தான் ஓடும்.

மார்ச் 4
மீசையிடம் கேட்டேன், “என் நம்பரையும் போடேம்ப்பா.”

“ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்தான் பாட்டி. ரூல். சீட்டுக்கச்சேரிக்கு வர்றவங்களுக்கெல்லாம் கேட் திறக்கணுமா?”

என்னைவிடப் பத்து வயது சின்னவன், ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன். பாட்டியாம்! போன மழைக்காலத்தில், நாங்கள் சிரிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவனும் இவன்தான். அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டை. இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு கலர். எதை மறந்தேன் நான்?

மார்ச் 6
கீழே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். மீசை பெட்டியருகே நின்று, புதிதாகக் குடிவந்தவர்களின் நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரன் போனில் சொல்லச் சொல்ல, லாரி இரைச்சலில் இவன் திருப்பிக் கத்தினான்: “முதல்ல நட்சத்திரம்... ரகசிய நம்பர் நாலு ஏழு ஒண்ணு ஒண்ணு... வீட்டு நம்பர்... அப்புறம் போன் நம்பரா? கடைசியில திரும்ப நட்சத்திரம்!”

ரகசியத்தைத் தெருவுக்கே ஓதினால், என் காதில் விழுந்தது என் குற்றமா?

மார்ச் 7
நம் வீட்டு எண்ணில் என் நம்பரைப் போட்டால் மருமகள் சாயந்திரத்துக்குள் பிடித்துவிடுவாள். வேறு யார் வீட்டில் போடலாம்? யோசிக்கவே தேவையில்லை.

போட்டாயிற்று. பெட்டி ‘கீக்’ என்றது.

நேராக டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். “இனிமே மீசை வீட்டு நம்பரை அமுக்கு. நான் எடுப்பேன்.”

“தப்பில்லையாடி?”

“வாத்தியார் வேலையிலேர்ந்து நீ ரிட்டயர் ஆயாச்சு. பேசாம வா.”

மார்ச் 12
டீச்சரம்மா ராணி மாதிரி வருகிறாள். மீசை வீட்டுக்கு வரும் கூரியர், தண்ணீர் கேன், பிளம்பர், எல்லாருக்கும் நானே ஒன்பது. பெண்டாட்டி திறக்கிறாள் என்று அவன் நினைக்கிறான். அவன் திறக்கிறான் என்று அவள். இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தானே!

லிப்டில் என்னிடமே சொல்கிறான், “பாத்தீங்களா பாட்டி, சிஸ்டம் எவ்ளோ ஸ்மூத்தா ஓடுது!”

“எல்லாம் உன் கைராசிப்பா.”

மார்ச் 13
மறுபடியும் பாட்டி என்றான். அவனுக்கு வந்த பீட்சாவை ஆறவிட்டுத் திறந்தேன்.

மார்ச் 17
கையில் நல்ல சீட்டு. போன் அடித்தது. பெண்குரல்தான், ஆனால் அப்படியே மீசையின் தொண்டை.

“அவன் பொண்டாட்டியா பேசுறது?”

“இல்ல... வீட்டுல பெரியவங்க. நீங்க?”

“அவன் அக்கா. வெச்சுடாதீங்கம்மா. இந்தப் பெட்டி மாட்டின அன்னிக்கே வந்தேன், என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டான். எங்கம்மா செத்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்கு எத்தனை வருஷம்மா?”

நானாக இருந்தால் திறப்பேனா? மாட்டேன். கல்யாணத்தன்று என் பல்லைப் பற்றிச் சொன்ன நாத்தனாரோடு எனக்கு இன்றுவரை பேச்சில்லை. ஆனால், மீசை கதவைத் திறந்து திருதிருவென்று முழிப்பானே, அந்த முழி! அமுக்கிவிட்டேன். நன்றாக மாட்டட்டும்.

“சீட்டை இறக்குடி” என்கிறாள் டீச்சரம்மா. என் காது மேல் மாடியில், மீசை வீட்டில். ஒரு கத்தல்? ஒரு கதவு சாத்தல்? ம்ஹூம். ஒன்றுமே இல்லை.

மார்ச் 18
மீசை வீட்டுக் கொடியில், நான் பார்த்தே இராத பழுப்புச் சேலை ஒன்று காய்கிறது. அப்படியானால் அவள் போகவில்லை. எனக்கு ஏன் இப்படி இருக்கிறது? அவன் மாட்ட வேண்டும் என்றுதானே திறந்தேன்?

மார்ச் 19
மீசை வாசலில் வந்து நின்றான். “போன்ல வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க பேசினாங்கன்னு அக்கா சொல்றா. எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல.”

போச்சு, டீச்சரம்மா இனி வெயிலில்தான். பின்னால் மருமகள் வேறு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“பெட்டியில பாத்துட்டேன். எங்க வீட்டுக்கு உங்க நம்பர் இருக்கு.”

“எடுத்துடப் போறியா?”

மீசையைத் தடவினான். தரையைப் பார்த்துக்கொண்டே, “இருக்கட்டும்மா. நானா இருந்தா திறந்திருக்க மாட்டேன்” என்றான்.

அம்மா என்றான். பாட்டி என்று சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன். இதையும் மறக்க மாட்டேன்.

மார்ச் 30
மீசையின் அக்கா ஒன்றுவிட்டு ஒரு நாள் தம்பியைப் பார்க்க வருகிறாள். அப்படியே எங்கள் சீட்டுக்கும் ஒரு கை சேர்ந்துவிட்டது. சிரிப்பிலும் மீசையின் தொண்டைதான், நாலு வீட்டுக்குக் கேட்கிறது. மீசை மூச்சு விடவில்லை.

இன்று அவள் ஆட்டின் ராணிச் சீட்டை மடியில் ஒளித்தாள். இடது கையால். டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து. நான் சிரித்துக்கொண்டே என் சீட்டை இறக்கினேன்.

நாளை மறுநாள் வருவாள். கேட்டில் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. போன் என் கையில்தானே அடிக்கும்?