பதினான்கு நாளுக்கு ஒரு கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

குடலிறக்கம்தான். 26ஆம் தேதி அறுவை சிகிச்சை. "இதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க, உள்ள சிக்கிக்கிச்சுன்னா ஆபத்து" என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாதாம். ஒரு வாளித் தண்ணீர்கூட. அத்தையின் எடை ஐம்பத்து நான்கு கிலோ. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது தூக்கி நிறுத்துகிறேன்.

"பெரியவங்களைப் பாத்துக்க வேற ஆள் இருக்காங்களா?"

"ஏற்பாடு பண்ணிடுவேன்."

என்ன ஏற்பாடு? என் கணவர் போய் மூன்று வருடமாகிறது. அவருடைய அம்மாவும் நானும்தான் இந்த வீட்டில். அத்தைக்காகவே நீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நீண்ட விடுப்பில் இருக்கிறேன். வாய் மட்டும் தன் பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறது.

மார்ச் 4, புதன்

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "அம்மாகிட்ட குடுங்க அண்ணி" என்றாள். கொடுத்தேன். அத்தை முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் மேற்பார்வையாளர். போன் காதுக்கு வந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். "சொல்லும்மா. பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்களா? உடம்பைப் பாத்துக்கோ." வெண்கலக் குரல். என்னிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "யாரு அது?"

நாத்தனார் அதைக் கேட்கவில்லை. "அம்மா தெளிவாத்தானே இருக்காங்க? நீங்கதான் ரொம்ப அலட்டிக்கறீங்க அண்ணி." அவளுக்கு நான்கு நாள்தான் விடுப்புத் தேறுமாம்.

மார்ச் 6, வெள்ளி

மருத்துவமனை நர்ஸ் ஒரு துண்டறிக்கை கொடுத்தார். முதியவர்களை இரண்டு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அந்த நாட்களில் பராமரிப்பவர் ஓய்வெடுக்கலாம். துண்டறிக்கையில் எல்லா முதியவர்களும் சிரிக்கிறார்கள். இத்தனை முதியவர்கள் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் விண்ணப்பித்துவிட்டேன். நான்கு கட்டில்கள், காத்திருப்போர் பத்தொன்பது பேர். ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்து பார்த்து நாற்பதுக்கு மதிப்பெண் போடுவார். நிலைமை மோசமாக இருந்தால் மதிப்பெண் கூடும், கட்டில் சீக்கிரம் கிடைக்கும். செவ்வாய் வருகிறார்.

மார்ச் 9, திங்கள்

காலையிலிருந்து சுத்தம். அடுப்பில் போட்ட பூட்டைக் கழற்றினேன். வாசல் கதவில் கட்டிய மணி, கழிப்பறைக்கு வழி காட்டும் அம்புக்குறித் தாள்கள், மெத்தையின் பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் அலமாரிக்குள் போயின. அத்தைக்குத் தலைக்கு ஊற்றி நகம் வெட்டினேன். வயிற்றில் சுருக்கென்று இழுத்தது. முன்பின் தெரியாதவர் வரும்போது வீடு நாறக் கூடாது.

மார்ச் 10, செவ்வாய்

ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண், என் வயதிருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"கிழமை தெரியாமலா வேலைக்குக் கிளம்பி வந்தீங்க?" என்றார் அத்தை.

"இவங்க பேரு என்ன?" என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவளையே கேளுங்க. வாய் இருக்கே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு இல்லை, பெருமையாகவும் இருந்தது. மாமியார் தேர்வில் ஜெயித்தால் எனக்குத்தான் தோல்வி என்பது அந்த நிமிடம் உறைக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "உங்களுக்குக் கஷ்டமா இருக்காம்மா?"

"சமாளிக்கறேன்."

மார்ச் 13, வெள்ளி

நாற்பதுக்குப் பதினொன்று. குறைந்தது இருபத்தைந்து வேண்டுமாம். "உங்க அத்தை நல்லா இருக்காங்க, வீடும் பாதுகாப்பா இருக்கு. உங்களைவிடக் கஷ்டப்படறவங்க வரிசைல இருக்காங்க" என்றார். நன்றி சொல்லி போனை வைத்தேன். நன்றி!

மார்ச் 14, சனி

இன்னும் பன்னிரண்டு நாள்.

மார்ச் 16, திங்கள்

நேற்று அத்தையைக் குளியலறையில் தூக்கும்போது வலியில் கண் இருட்டிவிட்டது. இருவரும் தரையில். அவர் என் தலையைத் தடவி, "லைன் கிடைச்சிடும், அழாதே" என்றார். யாருக்குச் சொன்னாரோ.

இன்று ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். "நான் உங்களுக்குக் காட்டினது எங்க வீடு இல்லை."

"என்னென்னத்தை ஒளிச்சு வெச்சீங்க?"

ஒன்றொன்றாகச் சொன்னேன்.

"மாப்பிள்ளை வீட்டார் வர்ற மாதிரி பண்ணியிருக்கீங்க. பத்து வீட்டுல எட்டு வீடு இப்படித்தான். அப்புறம் கட்டில் குடுக்கலைன்னு என்னைத் திட்டறது!" கோபமா, கிண்டலா தெரியவில்லை. "நடக்கறதை அப்படியே எழுதி வைங்க. நான் மறுபடி வர்றேன், எப்போன்னு சொல்லமாட்டேன். அதுவரைக்கும் எதையும் ஒளிக்காதீங்க. மேசை துடைக்கக்கூட வேண்டாம்."

மார்ச் 17, செவ்வாய்

6.10 - படுக்கை நனைந்திருந்தது. 8.30 - மாத்திரையைத் துப்பினார். 11.00 - அடுப்புப் பூட்டைக் கரண்டியால் அடித்தார். 5.15 முதல் 7.40 வரை - வேலைக்குப் போக வேண்டும் என்று வாசலில். தள்ளினார். தூக்கி நிறுத்தியது: ஒன்பது முறை.

தண்ணீர் மாதிரிகளுக்கு எழுதுவது போல எழுதுகிறேன். அப்படித்தான் எழுத வருகிறது.

மார்ச் 19, வியாழன்

வரவில்லை. தூக்கியது பதினொரு முறை. எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால், இந்தப் பெண்ணுக்கு ஏன் யாரும் உதவவில்லை என்று கேட்டிருப்பேன்.

மார்ச் 21, சனி

வரவில்லை. மறந்துவிட்டாரோ? சும்மா சமாதானத்துக்குச் சொன்னாரோ? மருத்துவமனைக்குத் தேதியை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதி வைத்தேன். அனுப்பவில்லை.

மார்ச் 23, திங்கள்

மாலை ஐந்தரைக்கு வந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரம்.

அத்தை கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார். "கதவைத் திற. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு." நான் கையைப் பிடித்தேன். "யாருடி நீ? என் பையன் வீட்டுல உனக்கென்ன வேலை?" பையால் என் தோளில் அடித்தார். ஒருங்கிணைப்பாளர் மணி கட்டிய கதவோரம் அசையாமல் நின்றார். அப்போதுதான் அத்தையின் காலடியில் ஈரம் பரவியது. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

"விடுங்க. ஒரு நிமிஷம். அவங்களே என்ன செய்யறாங்கன்னு பாக்கணும்."

நின்றேன். அத்தை கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். பையைத் திறந்து எதையோ தேடினார். வாழ்நாள் முழுக்கத் தலை கலையாமல் வேலைக்குப் போன பெண். இன்னொருத்தி மதிப்பெண் போடுவதற்காக அவரை ஈரத்தில் நிற்க விட்டேன். பதினான்கு நாளுக்காக. ச்சே.

"போதும்! என்ன மார்க் போடணுமோ போட்டுக்குங்க! கட்டிலும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் தொடைக்கறேன்!" கத்திவிட்டேன். இந்த வீட்டில் நான் கத்தியதே இல்லை.

அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த துணியை வாங்கி, குனிந்து துடைத்தார். "நீங்க குனியக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மார்ச் 24, செவ்வாய்

முப்பத்து மூன்று. நாளைக்கே அத்தையை அழைத்து வரச் சொன்னார்கள். மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். அத்தையின் பெட்டியை அடுக்கி, அந்தக் கைப்பையையும் மேலே வைத்தேன்.

மார்ச் 25, புதன்

விட்டுவிட்டு வந்தேன். ஜன்னலோரக் கட்டில். 'இவரை எது அமைதிப்படுத்தும்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'இன்று ஆபீஸ் லீவு என்று சொன்னால் உட்காருவார்' என்று எழுதினேன். நான் கிளம்பியபோது அத்தை கைகூப்பி, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார். யாரோ அதிகாரியிடம் சொல்வது போல.

நாளை காலை ஏழு மணிக்கு எனக்கு அறுவை சிகிச்சை.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டில். தையல் இழுக்கிறது. நாத்தனார் நான்கு நாள் விடுப்பில் வந்திருக்கிறாள். இன்று இல்லத்துக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னைத் தெரியல அண்ணி. யாரைப் பாக்கணும்னு கேட்டாங்க."

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னேனே."

"சொன்னீங்க. பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சொன்னீங்க."

அவள் சொன்னது பொய்யில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

நாளை அத்தையை அழைத்து வர வேண்டும். மருத்துவர் சொன்ன ஆறு வாரத்தில் இரண்டுகூட முடியவில்லை. எப்படித் தூக்குவேன்?

பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம். "இன்னும் ரெண்டு வாரம் நீட்டிக்கலாம். அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு வாரம்னு வழக்கமாவும் வெச்சுக்கலாம். வேணுமா? இல்ல, சமாளிச்சுக்குவீங்களா?"

அந்தச் சொல்லை வேண்டுமென்றே சொன்னாரோ?

"வேணும்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க ஆபரேஷனை எழுதிக்கறேன்."

"அதை எழுதுங்க. கூடவே, எனக்கு முடியலைன்னும் எழுதுங்க."

"முடியலை." எழுதிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். "சரி, போட்டாச்சு."

ஏப்ரல் 9, வியாழன்

எழுந்தபோது மணி ஒன்பதரை. வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. அத்தையைப் பார்க்க நான்கு மணிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அதுவரை வேலை எதுவும் இல்லை.