அட்டைத் தடுப்புக்கு மட்டும் தெரிந்தது

விரலில் வைத்த மையின் வாடை பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியிலிருந்து வீடு வரைக்கும் கூடவே வந்தது. நீ போன பிறகு வந்த முதல் தேர்தல். முதல்முறையாகத் தனியாகப் போய் வந்தேன்.

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் இருந்தோம். நீ தையல் பிரிவு சூப்பர்வைசர், நான் ஏற்றுமதி ஆபீஸில். கணவன் மனைவிக்குள் ஒளிவுமறைவு கிடையாது, ஓட்டைத் தவிர. சாவடியிலிருந்து திரும்பும்போது, நீ கேட்கும் முன்பே என் ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிடுவேன். உன்னைக் கேட்டால், "மறைச்சு வெச்சிருக்கிறதே யாரும் பாக்கக்கூடாதுன்னுதாங்க" என்பாய்.

"நான் யாரோவா?"

"அங்க நீங்களும் யாரோதான். சும்மா பேஜார் பண்ணாதீங்க."

புருஷன் என்ற பதவியின் எல்லை எதுவரை என்று அப்படித்தான் அறிந்துகொண்டேன். சில கணவர்கள் அடுத்த தெரு ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டது ஓட்டு இயந்திரத்தைச் சுற்றி நிறுத்திய அட்டைத் தடுப்பின்மேல்.

கட்சிக்காரர்களும் உன்னையே சுற்றினார்கள்.

"அக்கா, இந்த வாட்டி நமக்குத்தானே?"

"பாக்கலாம் தம்பி."

என்னைக் கேட்கவே மாட்டார்கள். "சார் எங்க போயிடப் போறாரு?" என்பார்கள். ஊருக்கே தெரிந்த ஓட்டுக்கு யாரும் கும்பிடு போடுவதில்லை.

போன வாரம் ஒருவன் வந்து உன் படத்தின் முன் கண்கலங்கினான். "அக்கா ஓட்டு எப்பவும் எங்களுக்குத்தான் சார்." சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரன் வந்தான். அதே கலக்கம், அதே உறுதி. இருவர்மேலும் வயிறு எரிந்தது. அவர்களுக்காவது ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடவே வாழ்ந்த எனக்கு அதுகூட இல்லை.

இன்று தடுப்புக்குள் நின்றபோது, நீ அழுத்தும் பொத்தானையே உனக்காக அழுத்திவிடலாம் என்று தோன்றியது. எது என்று தெரிந்தால்தானே? "ஐயா, ஆச்சா?" என்று அதிகாரிப் பெண் குரல் கொடுத்தாள். ஒன்றை அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் நம் மகள் போன் செய்தாள். "யாருக்குப்பா போட்டீங்க?"

"அதையெல்லாம் கேக்கக்கூடாதும்மா."

"இன்னாப்பா ஆச்சு உங்களுக்கு? ஒடம்பு நல்லாதானே இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது. உன்னிடம் பார்த்து நான் பொறாமைப்பட்ட அந்த ரகசியம் எனக்கும் எப்போதும் இருந்திருக்கிறது. நான்தான் வழியெல்லாம் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ கேட்டாலும் சொல்லப்போவதில்லை.

ஒரு தடவை கேட்டுத்தான் பாரேன்.