பல் டாக்டர் ஈட்ஸ்

என் செல்ல ராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையிலுள்ள இரண்டு தையல் மெஷின்களும் சௌக்கியம், அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் சௌக்கியமில்லை. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. மருமகள் நன்றாக இருக்கிறாள் என்பது எனக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

ஆறு வாரமாக நான் ஆங்கிலம் படிக்கிறேன். மருந்துக்கடை மாடியில், செவ்வாயும் வியாழனும், சாயங்காலம் ஒரு மணி நேரம். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாய். காரணமே நீதான். கல்யாணமாகி மூன்று வருடமாக எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்க்கிறாயே, நான் மூச்சுவிடாமல் பேசினால் அவளிடம் இரண்டே வார்த்தை சொல்கிறாய், அவள் நீளமாக ஏதோ சொன்னால் "சரின்னு சொல்றாம்மா" என்று முடித்துவிடுகிறாய். அவளுக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாமல் எத்தனை நாள் தவித்திருக்கிறேன் தெரியுமா. இனி உன்னை நம்பிப் பிரயோஜனமில்லை என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன்.

வாத்தியார் ரிட்டயரான தபால்காரர், நல்ல பொறுமைசாலி. நானோ நீயோ சாப்பிட்டால் ஈட், நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டாலும் ஈட், அவனோ அவளோ தனியாகச் சாப்பிட்டால் மட்டும் ஈட்ஸ் என்றார். ஒற்றை ஆளுக்குக் கடைசியில் ஒரு கொக்கி வைத்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதானே. தெரிந்தவர்களைப் பற்றி எழுதிப் பழகச் சொன்னார். எனக்குத் தெரிந்தவர்கள் கடைக்கு வருபவர்கள்தான். கையில் பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு அளவுச்சீட்டு இருந்தது, இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக அளவு கூடியிருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். பல் டாக்டர் ஈட்ஸ். ஷீ ஈட்ஸ் ஆல் டே. ஹர் பட்டன்ஸ் கிரை. பட்டன் நான்காயிற்றே, அதனால் கிரைக்குக் கொக்கி வைக்கவில்லை, பார்த்துக்கொள். தைத்து முடித்த துணியோடு அளவுச்சீட்டையும் குத்திக் கொடுப்பது நம் கடை வழக்கம் அல்லவா, உன் அப்பா சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் குத்திக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா சீட்டோடு வந்து நின்றாள். நான் விழாத ஊசியைத் தேடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அவள் குனிந்து பார்த்து, "மூணு வரியிலயும் ஒரு தப்புகூட இல்ல, ஆனா ஆல் டே எல்லாம் பொய், நாலு வேளைதான்" என்றாள். பிறகு பட்டனை ஒரு விரல் தள்ளித் தைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அப்பா அவளிடம் பல்லைக் காட்ட மாட்டேன் என்கிறார், பிடுங்கும்போது பழிவாங்குவாளாம். நீயாவது போனில் சொல்லிப் பார்.

ஒருத்தியை ஆங்கிலத்தில் கேலி செய்யத் தெரிந்தவளுக்கு மருமகளோடு பேசத் தெரியாதா என்று தைரியம் வந்துவிட்டது. போன வியாழக்கிழமை நீ வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். பதினோரு நிமிடம் பேசினோம், அதில் பத்து நிமிடம் உன்னைப் பற்றித்தான். ஹீ ஸ்னோர்ஸ் என்றாள். எஸ் எஸ், ஹிஸ் ஃபாதர் ஸ்னோர்ஸ் என்றேன். கடைசி நிமிடத்தில்தான் குரல் இறங்கிக் கேட்டாள், "டு யூ லைக் மீ?" என்று. உன்னிடம் மூன்று தடவை கேட்டுச் சொல்லச் சொன்னாளாமே, நானும்தானே கேட்கச் சொன்னேன், இரண்டையும் எங்கேயடா வைத்திருந்தாய்? படித்த பாடம் ஒன்றும் வரவில்லை. "உன்ன ரொம்பப் பிடிக்கும்டி கண்ணு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றாள். நான்கு தடவை சொன்னேன்.

இரண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, சந்தோஷமாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறக்காமல் அவளிடம் கொடுத்துவிட்டு நீ போய்ப் பாத்திரம் கழுவு, எங்களுக்குப் பேச்சு பாக்கி இருக்கிறது.

உன் பொய்களையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் உன்மேல் உயிராக இருக்கும்,
அம்மா