மூன்றாகப் பிரித்த நாவல்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அக்காவும் உடம்பளவில் சுகம். உன் சுகத்தைக் கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை அந்த வரியை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

நீ அனுப்பிய நாவலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், தடித்த புத்தகம் வந்தால் மூன்று பேரும் அடித்துக்கொள்ளக் கூடாதென்று முதுகை அறுத்து மூன்று பாகமாகத் தைத்துவிடுவேன், நூலகத்தில் முப்பது வருடம் பைண்டிங் செய்த கைக்கு அது ஒரு வேலையா. முதல் பாகம் எனக்கு, நடுப்பாகம் அக்காவுக்கு, எந்தக் கதையையும் முடிவிலிருந்தே தொடங்கும் அம்மாவுக்குக் கடைசிப் பாகம். அக்காவின் அலுவலகத்தில் அந்தக் கதாநாயகனுக்காக அழாதவர்களே இல்லையாம், என் பல் மருத்துவர் தன் பேரனுக்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் அவன் ஒட்டவே இல்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு, கடிகாரத்தை ஒருவனுக்கு, சைக்கிளை ஒருவனுக்கு என்று சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டே போகிறான், யார்மீதும் ஒரு கோபம் கிடையாது, வேளைக்கு ஒரு பசி கிடையாது. உப்புச்சப்பில்லாத பயல் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். முதல் பக்கத்தில் நீ பென்சிலால், அப்பா, இவனைப் புரிஞ்சுக்கிட்டா என்னையும் புரிஞ்சுக்குவீங்க என்று எழுதியிருந்தாய், பிள்ளை ஏதோ பெரிய மனுஷத்தனமாக எழுதியிருக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் புத்தகம் எப்படிப்பா இருக்கு என்று கேட்டாய். அந்தக் கதாநாயகன் வேறு ஊருக்குக் குடிபோகிறான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், போறவன் சட்டுபுட்டுனு போய்த் தொலைய வேண்டியதுதானே, எதுக்கு இந்த இழுவை என்றேன். சரிப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எங்கள் யாருடைய போனையும் நீ எடுக்கவில்லை. அம்மா தன் பாகத்தை முடித்த நாளிலிருந்து அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், கேட்டால் ஒண்ணுமில்லை என்பாள். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஒரு பார்சல் வந்தது, உள்ளே உன் கேமரா. அக்கா பதறிப்போய் உன் பக்கத்து அறை மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டாள். நீ வேலையை விட்டுவிட்டாய் என்றும் சைக்கிளை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னாய் என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் அம்மா தன் பாகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, முடிவைப் படிங்க என்றாள். எல்லாவற்றையும் கொடுத்து முடித்து ஒரு மத்தியானம் அவன் ஆற்றில் இறங்கிவிடுகிறான். அதைத்தான் ஊரே அழகு என்கிறது.

நான் சொன்னது அந்தக் காகிதப் பயலைத்தான் தம்பி, உன்னையில்லை. அவன் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, இனியும் ஒட்ட மாட்டான். உன்னைப் புரிந்துகொள்ளாமல் இருந்தது என் தப்பு, அதற்கு என்னை வாயில் வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன். வேலை போனால் போகட்டும். உனக்கு என்ன வலி என்று எனக்குத் தெரியாது, தெரிந்தது போல நடிக்கவும் மாட்டேன், நீ சொல்லு. நீண்ட ஆயுளோடு இரு என்று ஒவ்வொரு கடிதத்திலும் கைப்பழக்கத்தில் எழுதுவேன், இன்று ஒவ்வொரு எழுத்தையும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை நான் தபாலில் போடவில்லை, இரண்டு நாள் ரயிலில் எழுதிக்கொண்டே வந்தேன். அதுவரை அக்கா கேட்டுக்கொண்டபடி அந்த மெக்கானிக்தான் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் உன்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மூன்று முறை தட்டினேன், நீ திறக்கவில்லை, ஆனால் உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். இந்தத் தாள்களைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். வெளியே படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போக மாட்டேன். கதவைத் திற.

உன் அப்பா