நெகுலாய் இல்லாத அறுபது கிலோ

பிப்ரவரி 9, திங்கள்

ஐம்பத்தைந்து கிலோ இன்றும் ஏறவில்லை. மூன்றாவது வாரம். கம்பி நெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பியது, திரும்ப இறங்கி மார்பில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் நின்று பிடிக்க ஆள் இல்லாதபோது கம்பி முனையில் தட்டுகளை இறுக்கும் பூட்டைப் போடக்கூடாது என்று ஜிம் தோழன் நெகுலாய் சொல்லித் தந்திருந்தான். அதனால் தப்பித்தேன். ஒரு பக்கமாகச் சாய்த்ததும் தட்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. ஜிம்மே திரும்பிப் பார்த்தது. நாற்பத்து நான்கு வயதில் பெஞ்சில் மல்லாந்து கிடந்தபடி நிலவறை ஜிம்மின் கூரைக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் அறுபது தூக்கினேனே. இதே பெஞ்ச். தலைமாட்டில் அவன் குனிந்து நின்றான். ஜனவரியில் நார்வேக்குப் போய்விட்டான், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. எட்டு மாத ஒப்பந்தம், பிறகு நீட்டிப்பார்களாம்.

அவன் போனால் எனக்குப் பலம் ஏன் போக வேண்டும்?

பிப்ரவரி 11, புதன்

சாப்பிட்டேன். தூங்கினேன். அப்படியும் ஏறவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூப்பிட்டான். அங்கே போன புதிதில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டதாம். ரொட்டி இனிக்கிறதாம், ஊறுகாய் கிடைக்கவில்லையாம். எவ்வளவு தூக்குகிறாய் என்று கேட்டான். அறுபது என்றேன். ஏன் சொன்னேன்? அவன் சந்தோஷப்படட்டும் என்றுதான்.  அவன் பேச்சை மாற்றி, இங்கே ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறதா என்று விசாரித்தான்.

மூன்று வருடம் ஜிம்மிலிருந்து டிராம் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்திருக்கிறோம். அவன் மனைவி இறந்ததைப் பற்றி அவன் பேசினான். என் விவாகரத்தைப் பற்றி நான் பேசினேன். எங்களைப் பற்றி இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பரஸ்கிவா அக்காவைப் பின்னால் நிற்கச் சொன்னேன். மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறாள், இளமையில் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிந்தவள். ஐம்பத்தைந்து பாதியில் நின்றது. அவள் பிடிக்கவில்லை. நான் முனகிய பிறகுதான் பிடித்தாள். டிசம்பரில் அறுபது தூக்கினேன் அக்கா என்றேன்.

"நீ எங்க தூக்கின? அவன்ல தூக்கினான். கம்பிக்கு அடியில ரெண்டு விரல வச்சுக்கிட்டு. நீ கண்ண மூடிக்கிட்டுதான தூக்குவ. ஜிம்முல எல்லாருக்கும் தெரியும்டி."

எல்லாருக்கும் தெரியுமாம்! எனக்கு மட்டும் தெரியாதாம். அப்போ என்னைப் பார்த்துக் கை தட்டினாங்களே அதெல்லாம் என்ன? நான் என்ன குழந்தையா?

பிப்ரவரி 22, ஞாயிறு

கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டான். சமையலறையில் நின்று மணி அடித்து ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்ந்ததும் இன்னொரு தடவை அடிக்காதா என்று இருந்தது.

மார்ச் 2, திங்கள்

நாற்பத்தைந்திலிருந்து ஆரம்பம். பரஸ்கிவா அக்கா போட்ட திட்டம். கீழே வந்ததும் கம்பி மார்பில் ஒரு மூச்சு நிற்க வேண்டும், எம்பவிடக் கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கிலோதான் ஏற்றம். ஜிம்மில் அத்தனை சின்னத் தட்டு கிடையாது. அதனால் கடையிலிருந்து பழைய தராசின் படிக்கற்களைக் கொண்டுவந்தாள். இந்தப் பக்கம் அரை கிலோ, அந்தப் பக்கம் அரை கிலோ, கந்தல் துணியால் கட்டினோம். கம்பி முழுக்க மீன் வாடை.

நாற்பத்தைந்து இவ்வளவு கனமா? எம்பாமல் தூக்கினால் இவ்வளவு கனம்தான்.

மார்ச் 13, வெள்ளி

ஞாயிறுதோறும் போன் அடிக்கிறது. இந்தக் கோபம் எனக்கு ருசிக்கவும் இல்லை.

இன்று நான் ஓட்டிய ஆறாம் எண் டிராமில், இந்த ஊர்க் கப்பல் பட்டறை வாசலில் வெல்டர்கள் ஏறினார்கள். கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் நார்வேயில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 3, வெள்ளி

ஐம்பத்து நான்கில் நின்றுவிட்டது. இரண்டு வாரமாக அதே எடை, அதே இடம். அழுகை வந்தது. அக்கா என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். தவக்காலம், அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும்தான் என்றேன். சாமிக்கும் விரதம், கம்பிக்கும் விரதமென்றால் எப்படி ஏறும் என்று திட்டினாள். ஈஸ்டர் முடியும்வரை ஜிம் பக்கமே வராதே என்று விரட்டிவிட்டாள். ஓய்வும் பயிற்சிதானாம்.

ஓய்வில் என்ன செய்வது? ஓய்வில்தான் அவன் ஞாபகம் அதிகம்.

ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு

ஈஸ்டர் வழக்கப்படி சிவப்புச் சாயமிட்டு முட்டை ஐந்து அவித்தேன். ஒருவர் முட்டையோடு மற்றவர் முட்டையை மோதி, உடையாதவர் ஜெயிக்க, எதிரில் ஆள் வேண்டுமே. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று வைத்து நானே மோதினேன். இடது கை ஜெயித்தது. போனை எடுத்துக் கூப்பிட்டேன்.

வாழ்த்துச் சொன்னான். நான் நேராகக் கேட்டேன்.

"டிசம்பர்ல அந்த அறுபது, நீயா தூக்கின?"

"ரெண்டு விரல் வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"ஐம்பதுலேர்ந்து."

"என்னை ஏமாத்தணும்னு ஏன் தோணுச்சு உனக்கு?"

"நீ ஒரே எடையில மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா வாடிப்போயிருந்த. வெறுத்துப்போய் வர்றதையே நிறுத்திடுவியோன்னு பயந்தேன். நீ வரலைன்னா அந்த நிலவறைக்கு நான் எதுக்கு வரணும், ரோடிகா?"

உடைந்த முட்டையை உரித்தேன். பிறகு ஐம்பத்து நான்குதான் என் நிஜக் கணக்கு, அதுவும் நின்றுவிட்டது என்றேன். அவன் சிரிக்கவில்லை. அறுபது என்று நான் பொய் சொன்னபோதே தெரிந்துவிட்டதாம், அதனால்தான் பனிக்கட்டிக்குப் பேச்சை மாற்றினானாம்.

போனை வைத்தபின் இரண்டு முட்டை சாப்பிட்டேன்.

மே 22, வெள்ளி

ஐம்பத்தாறரை. இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் பாரம், இன்னொரு நாள் லேசாக. ஏற்றமும் அரை கிலோவாகக் குறைந்துவிட்டது. கால் கிலோப் படிக்கற்களைப் பார்த்து ஜிம்காரப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

எலுமிச்சை மஞ்சளில் லிண்டன் மரங்கள் பூத்துத் தெரு முழுக்க வாசனை. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன், அவனுக்கும் கிடைக்கட்டும் என்று. பைத்தியம்.

ஜூலை 10, வெள்ளி

அறுபது.

அக்கா கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடவில்லை. பாதியில் நின்றது. தள்ளிக்கொண்டே இருந்தேன், தோள் எரிந்தது. மெல்ல, ரொம்ப மெல்ல ஏறியது. முழங்கை நிமிர்ந்தது. கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பின்னால் பார்த்தேன். அக்காதான் நின்றாள். அவள் என் தலையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

இது என்னுடையது. ஒரு கிராம்கூட யாருடையதும் இல்லை. ஆனாலும் டிசம்பரில் எழுந்தபோது அவன் முகம் அப்படிப் பளிச்சென்று இருந்தது. அந்தப் பொய் அறுபதுதான் இனித்தது என்றால் நான் என்ன மனுஷி?

ஜூலை 12, ஞாயிறு

சொன்னேன். நிஜமாகவா என்று கேட்டான். பிறகு, "அப்ப இனிமே பின்னாடி ஆள் வேணாம்" என்றான். ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம், இந்த மாதக் கடைசிக்குள்.

பின்னாடி வேண்டாம் என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

மீதியையும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் வேண்டும் என்று.

செப்டம்பர் 7, திங்கள்

அறுபத்திரண்டரை மூன்றாவது வாரமாக அசையவில்லை. கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற வேண்டும். அவசரமில்லை.

காலை ஷிப்ட். ஒப்பந்தத்தை நீட்டாமல் திரும்பிவிட்ட நெகுலாய், நேற்றைய புளிப்பு மீன் சூப்பை ஜாடியில் ஊற்றி என் பையில் வைத்திருந்தான். இரண்டாவது நிறுத்தத்திலேயே பை நனைந்து, டிராம் முழுக்க புளிப்பு வாடை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும், மூடியை இறுக்கிப் போடு என்று.