செயின் எங்க குதிக்குது

14 அக்., வெள்ளி

காலைல தூறல். துர்கா பூஜை முடிஞ்சும் மழை போகல. பந்தல் மூங்கில புடுங்கிட்டாங்க, ரோடு பூரா குழி.

டாலிகஞ்ச் மெட்ரோகிட்ட ஒரு மினிபஸ்ஸ முந்தலாம்னு எழுந்து நின்னு மிதிச்சேன். கடக். செயின் குதிச்சு, பெடல் வெறுமனே சுத்தி, முட்டி போய் ஹாண்டில்ல இடிச்சுது. முட்டி வீங்கிருக்கு. மெதுவா மிதிச்சா ஒண்ணுமில்ல. அழுத்தினா கடக்.

வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன். புதன்கிழமை சால்ட் லேக் போகணும். சௌமேன்-தா (பெங்காலில அண்ணன்னா தா) அங்க கடை போட்டு கியர் சைக்கிள் மட்டும் விக்கிறாரு, மெக்கானிக் தேடுறாரு. சர்டிபிகேட்லாம் வேணாமாம். உன் சொந்த வண்டிய கொண்டா, நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கறேன்னாரு. அவ்ளோதான் இன்டர்வியூ.

இது கிடைக்கலன்னா தீபாவளி முடிஞ்சதும் திருச்சி. சித்தப்பாவோட அரிசி மண்டி. நான் காலேஜ விட்டதுக்கு அப்பா எழுதின தீர்ப்பு. திருச்சில சித்தப்பாவ விட்டா எனக்கு ஒரு ஆளத் தெரியாது. அரிசியும் தெரியாது.

கியர் கேபிள டைட் பண்ணேன். கடக். லூஸ் பண்ணேன். கடக்.

15, சனி

வெயில். கசகசன்னு.

பின்னாடி கியர் தொங்குற கொக்கி வளைஞ்சிருக்கணும். வண்டி அந்தப் பக்கமா விழுந்தா வளையும். யாரு தள்ளியிருப்பா? ஜெயாவ கேட்டேன். தங்கச்சி பதில் தமிழ்ல வராது, கோவம் வந்தா சுத்தமா வராது. பெங்காலில ஒரு அரை மணி. சுருக்கம்: உன் லொடக்கு வண்டிய நான் எதுக்குத் தொடறேன், நீயே ஒரு லொடக்கு. (அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனாலதான் இத தமிழ்ல எழுதறேன்.)

பின்னாடி உக்காந்து ஒத்தக் கண்ண மூடிப் பாத்தேன். கொக்கி நேராத்தான் இருக்கு. ஸாரி சொல்லல.

கேபிள் மாத்தலாம்னு போனா கடை மூடி. அடுத்த கடை மூடி. காளிகாட் வரைக்கும் நடந்தேன், எல்லாம் மூடி. லக்ஷ்மி பூஜை முடிஞ்சுதான் தொறப்பாங்களாம். இந்த ஊர்ல பூஜைக்கு நடுவுலதான் வேலை.

வீட்டுக்கு வந்தா அம்மா, "நம்ம பூஜைல வண்டிய வெச்சிருந்தா இதெல்லாம் வருமா?"ன்னாங்க. ஆரம்பிச்சுட்டாங்க. நவமி அன்னிக்கு ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டிவி, ஜெயாவோட ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். என் வண்டிய மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு நடந்தே ஊர் சுத்தப் போயிட்டேன். போன வருஷம் பிரேக் கட்டைல பூசி, நான் பிரேக் புடிச்சா வந்த கிறீச்சுக்குத் தெரு நாயெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

16, ஞாயிறு

அப்பா லீவு. அதாவது எனக்கு இல்ல.

வராண்டால வண்டிய தலைகீழா போட்டு உக்காந்திருந்தேன். அப்பா பேப்பர்லேர்ந்து தலைய எடுக்காம, என்கிட்ட இல்ல, பேப்பர்கிட்ட: "தன் சைக்கிளையே ஓட வெக்கத் தெரியல. ஊரான் சைக்கிள ஓட வெக்கப் போறாராம்."

நான் ஏதோ சொன்னேன். அவரு ஏதோ சொன்னாரு. திருச்சி டிக்கெட்டுக்கு அவரு வேலை பாக்கற போர்ட் ஆபீஸ்ல யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சாச்சாம். அம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து காபிய வெச்சுட்டுப் போனாங்க. ஆறிப் போச்சு.

கோவத்துல பல் சக்கரத்து மேல பழி போட்டேன். தேய்ஞ்சு போச்சு, புதுசு வேணும், கிடைக்காது, முடிஞ்சுது கதை.

சாயந்தரம் மண்டைல ஏறுச்சு. தேய்ஞ்சா நான் எப்பவும் ஓட்டுற கியர்லதான தேயணும்? பெரிய பல்லுல போட்டேன், குதிக்குது. நான் தொடவே தொடாத சின்னதுல போட்டேன், குதிக்குது. அப்ப பல்லு இல்ல. கேபிளும் இல்ல. எல்லாத்துக்கும் பொதுவா ஓடுறது ஒண்ணுதான்.

இத வெள்ளிக்கிழமையே யோசிச்சிருக்கலாம். யோசிச்சா நான் ஏன் நானா இருக்கேன்.

17, திங்கள்

லக்ஷ்மி பூஜை. பக்கத்து வீட்ல சங்கு. மேகம், ஆனா மழை இல்ல.

பெடல கையால பின்னாடி சுத்தினேன், ரொம்ப மெதுவா. கண்ணு, பின்னாடி கியர்ல தொங்குற குட்டிச் சக்கரத்து மேலயே. செயின் வருது, வருது, வருது, டிக். குட்டிச் சக்கரம் ஒரு துள்ளு. மறுபடி சுத்தினேன். அதே இடம் வந்தா டிக்.

ஒரே ஒரு லிங்க். மத்ததெல்லாம் பாம்பு மாதிரி நெளியுது, இது மட்டும் மடங்கினா மடங்கினபடியே நிக்குது. ஊசிய விட்டு நோண்டினேன். மஞ்சளா ஏதோ சிமெண்ட் மாதிரி உதிர்ந்துச்சு. மோந்து பாத்தேன்.

சந்தனம்.

அப்படியே ஊசியோட சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் அரிஞ்சிட்டிருந்தாங்க. ஊசியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, மறுபடி வெங்காயத்தப் பாத்தாங்க.

"பிரேக்ல வெக்கலடா. அதான் போன தடவ கத்தினியே."

"செயின்லயா வெப்பாங்க?"

"ஓடறது அதுதானடா. மத்ததெல்லாம் சும்மா மேல உக்காந்து வருது."

கொஞ்சம் கெட்டியாவே வெச்சாங்களாம். வேலைக்குப் போற வண்டின்னு. அப்புறம் வழிஞ்சுதுன்னு ஈரத் துணியால வேற துடைச்சிருக்காங்க. நான் போட்ட எண்ணெயும் போச்சு, துருவும் புடிச்சாச்சு. மூணு நாளா இந்த வீட்ல நான் கத்தினது எல்லாம் காதுல விழுந்துருக்கு. ஒரு வார்த்த சொல்லல. அதுக்கு மேல 'பூஜைல வெச்சிருந்தா'ன்னு நடிப்பு வேற.

கத்தணும்னுதான் போனேன். "உனக்கு அந்த வேலை கிடைக்கணும்னு வேற யாரு கும்புடறா இந்த வீட்ல"ன்னாங்க, வெங்காயத்துகிட்ட.

வெளிய வந்துட்டேன்.

மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ் (ஜெயாவோடது, அவ பழசுன்னு நினைக்கல). லிங்க ரெண்டு கையாலயும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைச்சு வளைச்சு, கடைசில விட்டுக் குடுத்துச்சு. எண்ணெய். துடைப்பு. பிளாக்கச் சுத்தி எழுந்து நின்னு மிதிச்சேன். சத்தமே இல்ல.

அப்பா என்னவாம்னு கேட்டாரு. துருன்னேன்.

19, புதன்

வெயில், நல்ல காத்து. கிளம்பறப்ப அம்மா வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட. ஹாண்டில நீட்டினேன். வெச்சாங்க. சீட்டுக்கடில வெச்சாங்க. அப்புறம் லேசா குனிஞ்சாங்க. வலது கால முன்னாடி நகத்தி செயின மறைச்சுக்கிட்டேன். அம்மா நிமிந்துட்டாங்க.

பைபாஸ் வழியா போனேன். கடை முன்னாடி சௌமேன்-தா வண்டிய வாங்கி, எழுந்து நின்னு, கொலைவெறில மிதிச்சு தண்ணி டாங்க் வரைக்கும் போயிட்டு வந்தாரு. எல்லா கியரும் மாத்தினாரு. நான் ரோட்டப் பாத்துட்டே நின்னேன், காது மட்டும் அவர் பின்னாடி போச்சு. இறங்கி, ஹாண்டில்ல இருந்த பொட்டத் தொட்டு விரல மோந்துட்டு, இது யாரு வேலைன்னு கேட்டாரு.

"மா"ன்னேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு வரணும். ஸ்பேனர் செட் சொந்தமா கொண்டு வரணுமாம்.

அப்பாகிட்ட சொன்னேன். பேப்பர மடிச்சாரு. "சால்ட் லேக்குக்கு டெய்லி சைக்கிள்லயா?"ன்னாரு. திருச்சின்னு வாயத் தொறக்கல.

இப்ப அம்மா உள்ளேர்ந்து கேக்கறாங்க, ஸ்பேனரெல்லாம் எந்தப் பைல வெச்சிருக்கேன்னு. கைல கிண்ணம்.